நெஞ்சைத் தொட்ட இன்ஜினீயர்



ஹாஸ்டல் மெஸ் சாம்பார், வைவாவில் முழித்த முழி, கடைசி நாள் கண்ணீர் இதைப்பற்றியெல்லாம் இந்த மலரில் என்னைவிட நன்றாக எழுத நிறைய பேர் இருக்கிறார்கள். அதை அவர்களிடமே விட்டுவிடுகிறேன். நான் எழுதப்போவது ஒரு எலக்ட்ரிக்கல் இன்ஜினீயரைப் பற்றி. அவர் நம் கல்லூரியில் படித்தவர் இல்லை, நம் நாட்டுக்காரரும் இல்லை. அவர் இறந்தே அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. இதய நோய் படித்த டாக்டர்களுக்கும் மயக்க மருந்து டாக்டர்களுக்கும் அவர் பெயர் நன்றாகவே தெரியும். எலக்ட்ரிக்கல் படித்த நம்மில் பல பேருக்குத்தான் தெரியாது! அவர் பெயர் வில்லியம் பென்னட் கௌவன்ஹோவன்.

மயங்கி விழுந்தவரின் நெஞ்சின் நடுவே இரண்டு கையையும் வைத்து ஒருவர் விடாமல் அழுத்துவதை சினிமாவில் பார்த்திருப்பீர்கள். சி.பி.ஆர். என்று சொல்கிறார்களே, அதுதான். அந்த அழுத்தலை உலகத்துக்குக் கொடுத்த மூவரில் இரண்டு பேர் எலக்ட்ரிக்கல் இன்ஜினீயர்கள், ஒருவர்தான் டாக்டர். மூவரில் மூத்தவர் நம் கதாநாயகர். அவர் வாழ்க்கையில் நமக்குப் பாடமும் இருக்கிறது, நாளைக்கே உதவக்கூடிய ஒரு வேலையும் இருக்கிறது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

படித்ததும் பாடம் நடத்தியதும்

கௌவன்ஹோவன் 1886 ஜனவரி 13-ல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் பிறந்தார். அங்கேயே இருந்த பாலிடெக்னிக் இன்ஸ்டிட்யூட்டில் 1906-ல் எலக்ட்ரிக்கலும் அடுத்த வருஷமே மெக்கானிக்கலும் முடித்தார். (நம்மில் ஒரு டிகிரிக்கே அரியர் வைத்தவர்கள் உண்டு, பெயர் சொல்லமாட்டேன்!) பிறகு ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே நகரத்துக்குப் போய் 1913-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். வைத்தியத்தில் அல்ல, இன்ஜினீயரிங்கில்.

1914-ல் பால்டிமோர் நகரத்தின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகச் சேர்ந்தார். அதற்குப் பிறகு வாழ்நாள் முழுவதும் அந்த ஊர்தான். மின்சார அளவீடு, இன்சுலேஷன், உயர் மின்னழுத்தம் இவைதான் அவருடைய பாடங்கள். 1930-ல் பேராசிரியர் ஆனார். பின்னால் இன்ஜினீயரிங் பள்ளிக்கே டீன் ஆனார். இவ்வளவோடு கதை முடிந்திருந்தால் அவரும் ஒரு நல்ல வாத்தியார், அவ்வளவுதான். அவருடைய மாணவர்கள் இப்படி ஒரு மலரில் அவரைப் பற்றி நாலு வரி எழுதியிருப்பார்கள்.

காயமே இல்லாமல் ஒரு சாவு

1920-களில் அமெரிக்காவில் மின்சாரம் வேகமாகப் பரவிக்கொண்டிருந்தது. ஊர் ஊராகக் கம்பம் நட்டார்கள், வீடு வீடாக லைன் இழுத்தார்கள். கம்பம் ஏறிய லைன்மேன்கள் ஷாக் அடித்து விழுந்து செத்தார்கள். மின்சாரக் கம்பெனிகளுக்கு இது பெரிய தலைவலியாகிவிட்டது. ஷாக் அடித்தால் உடம்புக்குள் என்னதான் நடக்கிறது என்று கண்டுபிடியுங்கள் என்று பல்கலைக்கழகங்களுக்குப் பணம் கொடுத்தார்கள். ஜான்ஸ் ஹாப்கின்ஸில் அந்த வேலை நரம்பியல் டாக்டரான ஆர்தெல்லோ லாங்வொர்தியிடமும் கௌவன்ஹோவனிடமும் வந்தது. உடம்பை அவர் பார்க்க, கரண்டை இவர் பார்க்க.

இதில் ஒரு விடுகதை இருந்தது. உயர் மின்னழுத்த லைனைத் தொட்டுக் கையெல்லாம் கருகிப்போனவன் சில சமயம் பிழைத்துவிடுகிறான். சாதாரண வீட்டு லைனைத் தொட்டவன் உடம்பில் ஒரு கீறல் கூட இல்லாமல் செத்துப்போகிறான். இது எப்படி?

பதில் வோல்ட்டில் இல்லை. கரண்ட் எந்த வழியாகப் போகிறது, எவ்வளவு போகிறது, எவ்வளவு நேரம் போகிறது என்பதில்தான் இருக்கிறது. ஒரு கையில் நுழைந்து மறு கை வழியாகவோ கால் வழியாகவோ வெளியேறினால் நடுவில் இதயம் மாட்டிக்கொள்கிறது. ஒரு ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு உடம்பின் வழியாகப் போனாலே ஆளை முடித்துவிடலாம்.

ஏன் என்றால் இதயமே ஒரு எலக்ட்ரிக்கல் மிஷின். அதன் மேல் பக்கத்தில் இயற்கையே வைத்த ஒரு பல்ஸ் ஜெனரேட்டர் இருக்கிறது. நிமிஷத்துக்கு எழுபது தடவை போல அது ஒரு சின்ன சமிக்ஞை கொடுக்கும். அது வயரிங் மாதிரி உள்ள தசை இழைகள் வழியாகப் பரவி, இதயம் மொத்தமும் ஒழுங்காகச் சுருங்கும். அப்போதுதான் ரத்தம் வெளியே போகும். வெளியிலிருந்து 50 அல்லது 60 சைக்கிள் மாறுமின்னோட்டம் குறுக்கே வந்தால் இந்த ஒழுங்கு கலைந்துவிடும்.

நம் ஊர்த் தேரை நினைத்துக்கொள்ளுங்கள். வடம் பிடித்தவர்கள் எல்லோரும் ஒரே மூச்சாக இழுத்தால்தான் தேர் நகரும். ஆளாளுக்கு ஒரு நேரத்தில் இழுத்தால் வடம்தான் ஆடும், தேர் நிலையை விட்டு அசையாது. இதயமும் அப்படித்தான். ஒவ்வொரு இழையும் தன் பாட்டுக்குத் துடிக்கும், மொத்தத்தில் வெறும் நடுக்கம்தான் இருக்கும். ஒரு சொட்டு ரத்தம் மூளைக்குப் போகாது. இதற்கு ஃபிப்ரில்லேஷன் என்று பெயர். சில நொடிகளில் நினைவு போய்விடும். நாலைந்து நிமிஷத்துக்கு மேல் போனால் மூளை கெட ஆரம்பிக்கும்.

முள்ளை முள்ளால்

கலைந்துபோன இதயத்தை எப்படி ஒழுங்குக்குக் கொண்டுவருவது? இங்கேதான் கதை ருசியாகிறது. ஷாக்கினால் வந்த வியாதிக்கு மருந்தும் ஷாக்தான்! பெரியதாக ஒரு கரண்டைச் சட்டென்று கொடுத்தால் எல்லா இழைகளும் ஒரே நேரத்தில் நின்றுபோகும். வடத்தைப் பிடித்திருக்கும் எல்லோரையும் ஒரு அதட்டல் போட்டுக் கையை விடச் சொல்வது மாதிரி. பிறகு பழைய பல்ஸ் ஜெனரேட்டர் தன் தாளத்தை ஆரம்பிக்க, எல்லோரும் அதற்குச் சேர்ந்து இழுப்பார்கள்.

இது முழுவதும் புதிய விஷயம் இல்லை. 1899-லேயே ஜெனீவாவில் பிரெவோஸ்ட், பத்தெல்லி என்ற இரண்டு பேர் நாய்களிடம் இதைக் கவனித்து எழுதிவைத்திருந்தார்கள். உலகம் அதைப் பரணில் போட்டுவிட்டது. உடலியல் நிபுணர் டொனால்ட் ஹூக்கரோடு சேர்ந்து கௌவன்ஹோவனும் லாங்வொர்தியும் அதைத் தூசு தட்டி எடுத்தார்கள். தாங்களே சோதனை செய்து 1933-ல் முடிவை வெளியிட்டார்கள். இந்தச் சோதனைகளில் நிறைய நாய்கள் செத்தன. இன்று நம்மில் யாராவது பிழைத்தால் அதில் அந்த வாயில்லாத ஜீவன்களுக்கும் பங்கு உண்டு.

1947-ல் கிளீவ்லாண்டில் கிளாட் பெக் என்ற சர்ஜன், ஆபரேஷன் மேஜையில் இதயம் நின்ற 14 வயசுப் பையனுக்கு இப்படி ஷாக் கொடுத்துப் பிழைக்கவைத்தார். ஆனால் நெஞ்சைத் திறந்து, இதயத்தையே நேராகத் தொட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது. கரண்ட் கொடுப்பதற்கு முன்னால் இதயத்தைக் கையால் பிடித்துப் பிசைந்துகொண்டும் இருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில், சர்ஜன் பக்கத்தில் இருந்தால்தான் இதெல்லாம் நடக்கும். கம்பத்திலிருந்து விழுந்த லைன்மேனுக்கு யார் நெஞ்சைத் திறப்பது?

கௌவன்ஹோவன் அந்த லைன்மேனை மறக்கவில்லை. 1950 வாக்கில் மின்சாரக் கம்பெனிகளின் உதவியோடு மறுபடியும் வேலையில் இறங்கினார். நெஞ்சைத் திறக்காமல், வெளியிலிருந்தே தோல் வழியாக ஷாக் கொடுக்கும் கருவி வேண்டும். 1954-ல் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். வயது 68. பேரன் பேத்திகளோடு பொழுதைப் போக்கும் வயதில், அதே பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பக்கம் போய் சர்ஜரித் துறையின் ஆராய்ச்சிக்கூடத்தில் உட்கார்ந்தார். ரிட்டயர் ஆன சீனியர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் கவனிக்கவும்! அவருடைய பெரிய சாதனை இன்னும் வரவே இல்லை.

போஸ்டனில் பால் ஜோல் என்ற இதய டாக்டர் 1956-ல் மனிதருக்கு வெளியிலிருந்து ஷாக் கொடுத்து வெற்றி பெற்றதை அறிவித்தார். கௌவன்ஹோவனின் கருவி 1957-ல் தயார் ஆனது. அந்த வருஷம் மார்ச்சில் மாரடைப்போடு வந்த ஒரு நோயாளிக்கு இதயம் ஃபிப்ரில்லேஷனுக்குப் போக, ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து கருவியைத் தள்ளிக்கொண்டு வந்து காப்பாற்றினார்கள். ஆனால் அது ஒரு ஆளால் தூக்க முடியாத கனம். கம்பத்தடிக்கு எப்படிக் கொண்டுபோவது?

லூஸ் கான்டாக்ட் கொடுத்த வரம்

இனி வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

ஷாக் கருவியின் இரண்டு தகடுகளும் கனமான செம்பு. தோல் நல்ல கடத்தி இல்லை. தகடு சரியாக ஒட்டவில்லை என்றால் கான்டாக்ட் ரெசிஸ்டன்ஸ் கூடும், தோல் கருகும், கரண்ட் உள்ளே போகாது. இது நம் முதல் வருஷப் பாடம். அதனால் தகட்டை நாயின் நெஞ்சில் நன்றாக அழுத்திப் பிடிப்பார்கள். அந்தக் குழுவில் கை நிக்கர்பாக்கர் என்ற எலக்ட்ரிக்கல் ஆராய்ச்சி மாணவர் இருந்தார். 1958-ல் ஒரு நாள் அவர் ஒன்றைக் கவனித்தார். இன்னும் ஸ்விட்ச்சே போடவில்லை, தகட்டை அழுத்தின மாத்திரத்தில், நின்றுபோன இதயம் கொண்ட நாயின் தொடை ரத்தக்குழாயில் ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறியது!

வேறு ஒருவராக இருந்தால் அளக்கிற கருவியில் ஏதோ கோளாறு என்று தள்ளிவிட்டுப் போயிருப்பார். நம் லேப் ரெக்கார்டில் எத்தனை ரீடிங்கை அப்படித் தள்ளியிருப்போம்! நிக்கர்பாக்கர் தள்ளவில்லை. கௌவன்ஹோவனும் தள்ளச் சொல்லவில்லை. அழுத்தினால் ரத்தம் ஓடுகிறது என்றால் விடாமல் அழுத்தினால் என்ன?

இன்னொரு சமயம் ஒரு நாயின் இதயம் எதிர்பாராமல் ஃபிப்ரில்லேஷனுக்குப் போய்விட்டது. ஷாக் கருவியோ வேறு மாடியில். அது வந்து சேரும் வரை நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தார்கள். வழக்கமாக நாய் செத்துப்போகும் நேரம் தாண்டியும் அது தாங்கியது. கருவி வந்து ஷாக் கொடுத்ததும் எழுந்துவிட்டது.

ஜேம்ஸ் ஜூட் என்ற இளம் சர்ஜன் இந்தக் கூட்டணியில் மூன்றாவது ஆளாகச் சேர்ந்தார். நெஞ்சில் எந்த இடம், எவ்வளவு ஆழம், நிமிஷத்துக்கு எத்தனை தடவை என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்து அளந்தார்கள். நெஞ்செலும்பின் கீழ்ப் பாதி, உள்ளங்கையின் அடிப்பகுதி, நேராகக் கீழ்நோக்கி என்று முடிவுக்கு வந்தார்கள்.

அடிபம்பு அடித்தவர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். முன்னால் நெஞ்செலும்பு, பின்னால் முதுகெலும்பு, நடுவில் இதயம். அழுத்தினால் ரத்தம் வெளியே போகிறது, கையை எடுத்தால் மறுபடி வந்து நிறைகிறது. திரும்பி ஓடாமல் தடுக்க உள்ளேயே வால்வுகள் இருக்கின்றன, மோட்டாருக்கு ஃபுட் வால்வு மாதிரி. எவ்வளவு நன்றாக அழுத்தினாலும் இதயம் தானாக அனுப்பும் ரத்தத்தில் ஒரு பங்குதான் போகும். ஆனால் மூளையைச் சாகாமல் வைக்க அதுவே உதவும். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். கையால் அழுத்துவது பெரும்பாலும் இதயத்தைத் திரும்ப ஸ்டார்ட் பண்ணாது. அது கரண்ட் வரும் வரை ஓடுகிற இன்வெர்ட்டர். மெயின் சப்ளை திரும்ப வர ஷாக் வேண்டும், டாக்டர் வேண்டும். ஆனால் இன்வெர்ட்டர் இல்லாவிட்டால், சப்ளை வரும்போது காப்பாற்ற ஆள் இருக்காது.

இதையும் ஒருவர் முன்பே பார்த்திருக்கிறார். 1891-ல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரத்தில் மாஸ் என்ற டாக்டர் நெஞ்சை வெளியிலிருந்து அழுத்தி நோயாளியைக் காப்பாற்றியிருந்தார். அதுவும் பரணுக்குப் போய்விட்டது. புதிதாகக் கண்டுபிடிப்பது ஒரு பெருமை என்றால், மறந்துபோனதை அளந்து, நிரூபித்து, ஊருக்குச் சொல்லிக்கொடுப்பது அதற்குக் குறைந்த பெருமை இல்லை.

20 பேரில் 14 பேர்

1959-ல் ஜூட், பித்தப்பை ஆபரேஷனுக்கு வந்து இதயம் நின்றுபோன ஒரு பெண்ணின் நெஞ்சைத் திறக்காமல் அழுத்தியே பிழைக்கவைத்தார். அதற்கு முன்னால் என்றால் கத்தியைத்தான் எடுத்திருப்பார்கள்.

1960 ஜூலை 9-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் மூவர் பெயரிலும் கட்டுரை வந்தது. 20 நோயாளிகள், அதில் 14 பேர் பிழைத்தார்கள். இதற்குப் பெரிய ஆஸ்பத்திரியோ கருவியோ வேண்டாம், எங்கே வேண்டுமானாலும் யார் வேண்டுமானாலும் கையாலேயே ஆரம்பிக்கலாம் என்பதுதான் அந்தக் கட்டுரையின் சாரம். அப்போது கௌவன்ஹோவனுக்கு வயது 74.

அதே பால்டிமோரில் பீட்டர் சஃபார் என்ற மயக்க மருந்து டாக்டர், வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுப்பதுதான் பழைய முறைகளைவிடச் சிறந்தது என்று சோதித்துக் காட்டியிருந்தார். 1960 செப்டம்பரில் மேரிலாண்ட் டாக்டர்கள் கூட்டத்தில் இரண்டையும் சேர்த்து வைத்தார்கள். மூச்சும் அழுத்தலும் சேர்ந்து சி.பி.ஆர். ஆனது. நார்வேயில் அஸ்மண்ட் லெர்டால் என்ற பொம்மை உற்பத்தியாளர், பழகிப் பார்க்க ஆள் அளவு பொம்மை செய்துகொடுத்தார். இன்றும் பயிற்சி வகுப்புகளில் அந்தப் பொம்மைதான் படுத்திருக்கிறது.

எல்லோரும் கையைத் தட்டி வரவேற்றுவிடவில்லை. கண்டவர்களும் நெஞ்சை அழுத்தினால் விலா எலும்பு உடையும், ஈரல் கிழியும், இது டாக்டர் வேலை என்ற பயம் இருந்தது. 1966-ல் அமெரிக்காவின் தேசிய அறிவியல் கழகம் நடத்திய கூட்டம், மருத்துவத் துறையினருக்கும் தொழில்முறை மீட்பு ஆட்களுக்கும் இதைக் கற்றுக்கொடுக்கலாம் என்ற அளவில்தான் நின்றது. சியாட்டில் நகரம் 1972-ல் துணிந்து சாதாரண ஜனங்களுக்குக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தது. 1974-ல் தான் பொதுமக்கள் எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று தேசிய வழிகாட்டி வந்தது. கௌவன்ஹோவன் 1975 நவம்பர் 10-ல் 89-வது வயதில் காலமானார். கம்பத்தடியில் நிற்கும் சக தொழிலாளியின் கைக்கு இந்த வித்தை போய்ச் சேர்ந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் போனார் என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

1961-ல் மின் பொறியாளர்களின் உயர்ந்த விருதான எடிசன் மெடல் கிடைத்தது. 1973-ல் மருத்துவ ஆராய்ச்சிக்கான லாஸ்கர் விருதும் கிடைத்தது. இரண்டு துறையிலும் இப்படி வாங்கினவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்! 1969-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவப் பள்ளி அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. வைத்தியம் படிக்காத ஒருவருக்கு அந்தப் பள்ளி எம்.டி. பட்டம் கொடுத்தது அதுவே முதல் தடவை.

இது நம்ம கதையும்தான்

நான் வேலை பார்த்த ஒரு தொழிற்சாலையில் (பெயர் வேண்டாம்) நான் சேர்வதற்கு முந்தின வருஷம் நடந்ததைச் சொல்வார்கள். பேனலில் வேலை செய்த கான்டிராக்ட் ஆள் ஒருவர் ஷாக் அடித்து விழுந்தார். மெயினை ஆஃப் பண்ணிவிட்டார்கள், அதுவரை சரி. அப்புறம் ஒருத்தர் முகத்தில் தண்ணி தெளித்தார், ஒருத்தர் உள்ளங்காலைத் தேய்த்தார், ஒருத்தர் சோடா வாங்க ஓடினார். சுற்றி நின்றவர்களில் பி.இ. படித்தவர்கள் மட்டும் நாலு பேர். எல்லோருமே பதறித்தான் போயிருக்கிறார்கள், எல்லோருக்கும் மனசு இருந்திருக்கிறது. என்ன செய்வது என்று மட்டும் தெரியவில்லை. ஆம்புலன்ஸ் வந்தபோது காலம் கடந்துவிட்டது. அவருக்கு 26 வயசு.

அந்த நாலு பேரை நான் குறை சொல்லமாட்டேன். நாலு வருஷப் படிப்பில் நமக்கு இதற்கு ஒரு மணி நேரம் கூட ஒதுக்கவில்லையே. மிஷின் லேபில் ஷாக் ட்ரீட்மெண்ட் சார்ட் மாட்டியிருந்தது ஞாபகம் இருக்கிறதா? யாராவது ஒரு வரி படித்திருப்போமா?

முதலில் இரண்டு வியாதியைப் பிரித்துத் தெரிந்துகொள்வோம். மாரடைப்பு என்பது பைப் லைன் கோளாறு. இதயத்துக்கே ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைத்துக்கொள்கிறது. நெஞ்சில் பாரம் வைத்தது போல வலி, இடது கை அல்லது தாடைக்குப் பரவுவது, குப்பென்று வியர்ப்பது, மூச்சு வாங்குவது, குமட்டல் இவை அறிகுறிகள். பெண்களுக்கும் சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கும் வலி அவ்வளவாக இல்லாமலே வரலாம். ஆள் நினைவோடு பேசிக்கொண்டிருப்பார். கேஸ் ட்ரபிள் என்று சொல்லி ஜெலுசில் குடித்துவிட்டுப் படுக்கவிடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். இவருக்கு நெஞ்சை அழுத்தக்கூடாது.

இதயம் நின்றுபோவது எலக்ட்ரிக்கல் கோளாறு. (சிவில், மெக்கானிக்கல் நண்பர்கள் மன்னிக்கவும்!) ஷாக் அடித்தும் வரலாம், மாரடைப்பு முற்றியும் வரலாம். ஆள் பேச்சு மூச்சில்லாமல் விழுந்துவிடுவார். சில பேர் வாயைத் திறந்து திறந்து மூடி, விட்டு விட்டு இழுப்பார்கள். அது மூச்சு இல்லை, ஏமாந்துவிடாதீர்கள்.

அப்போது செய்ய வேண்டியது:

ஷாக் என்றால் முதலில் மெயின் ஆஃப். முடியாவிட்டால் காய்ந்த கட்டை, பிளாஸ்டிக் குழாய் இப்படி ஏதாவது வைத்து ஆளை லைனிலிருந்து விலக்குங்கள். இது வீட்டு லைனுக்கு மட்டும். உயர் மின்னழுத்த லைன் என்றால் சப்ளை நிறுத்தும் வரை பக்கத்திலேயே போகக்கூடாது.

தோளைத் தட்டிச் சத்தமாகக் கூப்பிடுங்கள். அசைவில்லை, பத்து நொடிக்குள் பார்த்ததில் ஒழுங்கான மூச்சும் இல்லை என்றால் ஒருவரைக் குறிப்பாகக் கைகாட்டி 108-க்குப் போன் செய்யச் சொல்லுங்கள். யாராவது பண்ணுங்கப்பா என்று பொதுவாகச் சொன்னால் யாருமே பண்ணமாட்டார்கள்.

கட்டில் மெத்தையில் வேண்டாம், கெட்டியான தரையில் மல்லாக்கப் படுக்கவையுங்கள். நெஞ்சின் நடுவே ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதி, அதன் மேல் மறு கை. முழங்கையை மடக்காமல், உடம்பின் எடையைக் கொடுத்து 5 செ.மீ. ஆழம் அழுத்துங்கள், 6 செ.மீ.க்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு தடவையும் நெஞ்சு முழுவதும் மேலே வர விடுங்கள். 1960-ல் நிமிஷத்துக்கு 60 என்று ஆரம்பித்த வேகம் பல திருத்தங்களுக்குப் பிறகு இப்போது 100 முதல் 120 வரை. இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை ஆள் மாற்றிக்கொள்ளுங்கள், கை ஓய்ந்துவிடும். பயிற்சி இருந்தால் 30 அழுத்தலுக்கு 2 மூச்சு. பயிற்சி இல்லாதவர்கள் பெரியவர்களுக்கு வெறும் அழுத்தல் செய்தாலே பலன் உண்டு. தண்ணீரில் மூழ்கியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் மூச்சு கொடுப்பதும் முக்கியம்.

விமான நிலையம் போன்ற இடங்களில் ஏ.இ.டி. என்று ஒரு பெட்டி இருக்கும். கௌவன்ஹோவன் தள்ளிக்கொண்டு போன மிஷின்தான், இன்று கைப்பை அளவு. திறந்தால் அதுவே பேசும், சொல்கிறபடி செய்தால் ஆச்சு. ஷாக் வேண்டுமா வேண்டாமா என்று அதுவே முடிவு செய்யும்.

விலா எலும்பு உடையுமே என்றால், உடையலாம். உடைந்த எலும்பு கூடிவிடும், போன உயிர் வராது. உண்மையையும் சொல்லிவிட வேண்டும். அந்த 20 பேரில் 14 என்ற கணக்கு ஆஸ்பத்திரிக்குள் டாக்டர் கண்ணெதிரே விழுந்தவர்களுடையது. ஆஸ்பத்திரிக்கு வெளியே விழுகிறவர்களில் அமெரிக்காவிலேயே பத்தில் ஒருவர் போலத்தான் பிழைக்கிறார். ஒன்றும் செய்யாமல் நின்றால் ஒவ்வொரு நிமிஷமும் பிழைக்கும் வாய்ப்பு பத்து சதவீதம் போலக் குறைகிறது. பக்கத்தில் இருப்பவர் கை வைத்தால்தான் அந்த ஒருவராவது மிஞ்சுவார்.

ஒரு வேண்டுகோள்

இதைப் படித்தால் மட்டும் வராது. நீச்சலைப் புத்தகத்தில் படித்துக் கிணற்றில் குதிக்க முடியுமா? பொம்மையின் மேல் கை வைத்து ஒரு தடவை வியர்க்க வியர்க்க அழுத்திப் பார்க்க வேண்டும். இரண்டு மூன்று மணி நேர வேலைதான். நம் சங்கம் அடுத்த சந்திப்பில் பாட்டுக் கச்சேரிக்கு முன்னால் ஒரு பயிற்சி வகுப்பு வைத்தால் என்ன? நம் கல்லூரியின் மிஷின் லேபில் ஒவ்வொரு செமஸ்டர் தொடக்கத்திலும் மாணவர்களுக்கு ஒரு மணி நேரம் இதைச் சொல்லிக்கொடுக்க நாம் ஏற்பாடு செய்தால் என்ன? ஒரு பொம்மையின் செலவை ஒரு பேட்ச் ஏற்றுக்கொள்ள முடியாதா? எங்கள் பேட்ச் சார்பில் முதல் பொம்மைக்கு நான் பேசிவிட்டேன், சரி என்று சொல்லியிருக்கிறார்கள். அடுத்த பொம்மைக்கு யார்?

கம்பத்தில் ஏறிச் செத்த யாரோ ஒரு லைன்மேனுக்காக ஒரு மின்சார வாத்தியார் முப்பது வருஷத்துக்கு மேல் உழைத்தார். அவர் செய்த கருவிகள் மியூசியத்துக்குப் போய்விட்டன. அவர் காட்டிக்கொடுத்த வழி நம் கையிலேயே இருக்கிறது. சந்திப்புக்கு வந்திருக்கும் எல்லோரும் நோய் நொடி இல்லாமல், அடுத்த சந்திப்புக்கும் இதே சிரிப்போடு வந்து சேர வாழ்த்துகிறேன்.



அன்புடன்,
மின்னியல் பிரிவின் பழைய மாணவன்